மூணுசொல்லி

அசையாதே பாக்கியம். மூச்சை விடு, சத்தம் வராம விடு. யானை அங்கயேதான் நிக்குது. கீழே, எஸ்டேட் ரோடு வளையற எடத்துல, ரோட்டை அடைச்சுட்டு, ஒத்தை யானை. ஒரு கொம்பு முழுசு, இன்னொண்ணு நுனி ஒடைஞ்சது. ரோட்டோரத்துப் புல்லைக் கொத்தாப் பிடுங்கி, முன்னங்கால்ல தட்டித் தட்டி மண்ணை உதுத்து, அவசரமே இல்லாம வாயில வச்சுக்குது, என்னமோ அடுப்படியில உக்காந்து கீரை ஆயற மாதிரி. நான் மேல, தேயிலைச் செடிக்குப் பின்னால, ஒரு கல்லு மேல உக்காந்த வாக்குல அப்புடியே இருக்கேன். எந்திரிச்சா முட்டி சொடக்கு விடும். அந்தச் சொடக்கே போதும். அதுக்கும் எனக்கும் நடுவுல எங்க மருந்துக்கடை நீளம்கூட இருக்காது. காத்து கீழேருந்து மேல வருது, அதோட சாணி வாசம் என் மூக்குல ஏறுது, என் வாசம் அதுக்குப் போகலை, போகக் கூடாது, மாசாணியாத்தா, காத்தைத் திருப்பிடாதே. காலையில டீக்கடையில ஒரு வாட்ச்மேன் சொன்னாருதான், "ஒத்தை ஒண்ணு சுத்துதும்மா, வளைவுல பாத்துப் போங்க"ன்னு. நான் தலையை ஆட்டினேன். எங்க வீட்டுக்காரர் டம்ளரைக் கீழ வச்சுட்டு அவருகிட்டக் கேட்டது என்ன தெரியுமா? "ஓடைப்பக்கம் சின்னதாப் பச்சையா ஒரு குருவி கத்துதுங்களா?" அந்த ஆளு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, இந்த மனுசனை வச்சுட்டு எப்படிம்மா குடும்பம் நடத்தறேன்னு. நடத்திட்டேன், நடத்திட்டேன், இன்னைக்கு வரைக்கும் நடத்திட்டேன். இப்ப அந்த மனுசன் இந்த வளைவுக்கு அந்தப் பக்கம் வந்துட்டு இருக்காரு. எனக்குத் தெரியுது. மேல இருந்து பாத்தா ரெண்டும் தெரியுது, இக்கட்ட யானை, அக்கட்ட தேயிலைச் செடிக்கு மேல நகர்ற ஒரு காக்கித் தொப்பி. யானைக்குத் தொப்பி தெரியாது, தொப்பிக்கு யானை தெரியாது, நடுவுல மண்மேடு. அந்தத் தொப்பி வழியைப் பாக்காது, மரத்தைத்தான் பாக்கும். இப்படியே வந்தா வளைவுல திரும்பி நேரா அதோட தும்பிக்கையில போய் முட்டும்.

கத்தலாமா. கத்தினா யானை என்னைப் பாக்கும், பாத்துட்டுப் போகுது, அதைக்கூட விடு. ஆனா நான் கத்தினா அவரு என்ன பண்ணுவாரு? பாம்பு கடிச்சிருச்சுன்னு நினைச்சு ஓடி வருவாரு. ரோட்டு வழியா, இந்த வளைவு வழியா, "பாக்கியம் பாக்கியம்"னு ஓடி வருவாரு. ஒரு தடவை கடையில ஸ்டூல்லேருந்து நான் வழுக்கினப்ப அப்படித்தான் கவுண்டரைத் தாண்டிக் குதிச்சாரு, சத்து டானிக் ஒரு பெட்டி உடைஞ்சுது. கத்தக் கூடாது. கத்தினா நானே அவரைக் கொன்ன மாதிரி. போன் பண்ணலாம்னா குருவி பாக்கப் போற எடத்துல போனை ஊமையாக்கி பைக்குள்ள போட்டுருவாரு, அவரு வச்ச சட்டம் அது, எனக்கும் அதே சட்டம், அடிச்சாலும் செத்தாலும் தெரியாது. செத்தாலும்னு சொல்லாதே. வாயைக் கழுவு. கையை ஆட்டலாமா, தொப்பிக்குக் கண்ணு மரத்துல இருக்கு, என்னைப் பாக்காது. என்னை எப்பத்தான் பாத்துச்சு. இதைத்தானே காலையில சொன்னேன். நான் சொன்னதையெல்லாம் இப்ப நினைக்கக் கூடாது, ஆனா அதுதான் வருது, தொண்டையில மாத்திரை மாட்டின மாதிரி அங்கயே நிக்குது, "இந்த ஊருல இருக்கற எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கறீங்க, பாக்காத ஒண்ணே ஒண்ணு நான்தான், கட்டிக்கிட்டு வந்தவ"ன்னு. அவரு செருப்பை மாட்டினாரு. "நீ மேல போய் உக்காரு, நான் ஓடைப்பக்கம் பாத்துட்டு வரேன்"னாரு. அதுவா கடைசிப் பேச்சு. கடைசின்னு யாரு சொன்னா. சும்மா இரு.

ஒரு குருவிக்காக. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, கட்டை விரல் தண்டி ஒரு குருவிக்காக. டாக்டர் சக்கரைக்கு நடக்கச் சொன்னாரு, நடக்கப் போன மனுசன் மரத்தடியில நின்னுட்டாரு, அப்புறம் பைனாகுலர் வந்துச்சு, அப்புறம் கூடத் துணைக்குப் போன என்னையும் அந்தக் கெரகம் பிடிச்சுக்கிச்சு. எல்லாக் குருவியும் பரவால்லை, இந்த ரெண்டு இருக்கே, கார்த்திகை பொறந்தா எங்கிருந்தோ மலை தாண்டி வந்து இறங்கற இலைக்குருவிங்க, இதுங்கதான் மனுசனைப் பைத்தியமாக்கறது. ரெண்டுக்கும் முதுகு பச்சை. ரெண்டுக்கும் கண்ணுக்கு மேல வெளுத்த புருவம். ரெண்டுக்கும் ரெக்கையில ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் தேஞ்சு போனா இல்லை. வயிறு ஒண்ணுக்குக் கொஞ்சம் மஞ்சள் கூடன்னு சொல்லுவாங்க, வெயில்ல பாத்தா ரெண்டும் மஞ்சள், நிழல்ல பாத்தா ரெண்டும் அழுக்கு. கடையில இருக்கே, சக்கரை மாத்திரையும் பிரசர் மாத்திரையும், ரெண்டும் வெள்ளை, ரெண்டும் வட்டம், அட்டையை விட்டு வெளிய எடுத்துட்டா நானே திணறுவேன், அந்தக் கதைதான். வித்தியாசம் வாயில இருக்கு. ஒண்ணு ரெண்டு சொல்லாக் கூப்பிடும், ச்சி-லீ. இன்னொண்ணு மூணு சொல்லு, ச்சி-லி-ரீ. நாங்க பேரு வச்சுட்டோம், ரெண்டுசொல்லி, மூணுசொல்லி. ரெண்டுசொல்லி எங்கயும் இருக்கும், எங்க உடுமலைக் கடைக்குப் பின்னால இருக்கற புளியமரத்துலயே இருக்கும். மூணுசொல்லி ஈரக் காட்டுக்காரி, ஓடையோரத்து இருட்டை விட்டு வெளிய வராதுன்னு அவரு சொல்றாரு. நான் நேத்து இந்த மலைக்கு வந்து இறங்கின சாயங்காலமே இந்த ரோட்டோரத்து சில்வர் ஓக் மரத்துல மூணு கேட்டேன். தெளிவாக் கேட்டேன். "டீ தோட்டத்துல மூணுசொல்லியா? உன் காது பொய் சொல்லுது பாக்கியம்"னாரு. ராத்திரி சாப்பாட்டுல அதே பேச்சு, காலையில அதே பேச்சு. காதுல ஆரம்பிச்சுது, என் கண்ணீர்ல வந்து நின்னுச்சு.

சண்டைக்குக் காரணம் காதுகூட இல்லை. காய்ச்சல். போன மாசம் நான் காய்ச்சலோட கடையில நின்னேன், எலும்பெல்லாம் உடைஞ்ச மாதிரி, கடைக்கு வந்த மருந்துக் கம்பெனிப் பையன் கேட்டான், "அக்கா முகம் ஏன் இப்படி இருக்கு"ன்னு. இவரு அப்பத்தான் நிமிந்து பாத்தாரு. பாத்துட்டு, "ஆமா, என்னாச்சு?"ன்னாரு. கூட்டத்துல ஒரு குருவியோட கால் நிறம் மாறியிருந்தா கண்டுபிடிக்கிற மனுசன். அன்னைக்கு ராத்திரி காய்ச்சல்ல என்னமோ பேத்தினேன் போல, தண்ணி தண்ணின்னு, விடிஞ்சு பாத்தா தலைமாட்டுல சொம்பு இருந்துச்சு, நானே எந்திரிச்சுப் போய் எடுத்திருப்பேன், யாரு எடுத்துத் தரப் போறாங்க. ஐயோ, இதையெல்லாம் இப்ப எதுக்கு நினைக்கிறேன். தொப்பி எங்க. காணமே. எங்க போச்சு. இருக்கு, இருக்கு, பெரிய செடிக்குப் பின்னால போய் வெளிய வந்துருச்சு. நின்னு நின்னு வருது. பசியில வர்றாரு. கோவத்துல இட்லியைத் தொடாமப் போனாரு, மாத்திரையை மட்டும் போட்டுட்டு, பொட்டலம் இந்தா என் மடியில இருக்கு, ஆறிப் போச்சு. சக்கரை இறங்கினா அவருக்குக் கண்ணு கட்டும். ஒருநாள் கடையில அப்படித்தான், பில்லுப் புத்தகத்துல தலையைச் சாச்சு உக்காந்திருந்தாரு, கணக்குப் பாக்கறாருன்னு நினைச்சு நான் பாட்டுக்கு மருந்து எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன், வேர்வை மேசையில சொட்டறதைப் பாத்தப்புறம்தான் ஓடினேன். நானும்தான் பாக்கலை அன்னைக்கு. யானை காதை ஆட்டுது. ஆட்டிட்டே இருக்கட்டும். காதை நிறுத்தினாத்தான் ஆபத்துன்னு சொல்லுவாங்க, நிறுத்தினா அது கேக்குதுன்னு அர்த்தம். ஆட்டு சாமி. நல்லா ஆட்டு. தின்னு. தின்னுட்டு ஓடைக்கு இறங்கிப் போ, அவரு வர்றதுக்குள்ள போ, பொடவை சாத்தறேன் ஆத்தாளுக்கு, நல்ல பட்டாச் சாத்தறேன். அது போகலை. அடுத்த புல்லுக்கு நகருது, அவரு வர்ற பக்கமா நகருது.

அவரை நிறுத்தணும். கத்தாம நிறுத்தணும். எதைக் கேட்டா அந்த மனுசன் நிப்பாரு? எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். மூணு சொல்லு. இந்த ரோட்டுல, இந்த டீ தோட்டத்துல, மூணுசொல்லி கத்தினா அவரு கல்லு மாதிரி நிப்பாரு, ஒரு அடி வைக்க மாட்டாரு, குருவி பறந்துரும்னு மூச்சைக்கூட அளந்துதான் விடுவாரு. அரை மணி நேரம்னாலும் நிப்பாரு. யானைக்கு அது வெறும் குருவிச் சத்தம், இந்தக் காட்டுல பொறந்ததுலேருந்து கேக்கறது, ஏன்னு திரும்பாது. சீட்டி அடிக்கணும். எனக்கு வரும். நாக்கை அண்ணத்துல ஒட்டி, பல்லிடுக்குல காத்தை விட்டு, நேத்துக்கூட அடிச்சுக் காட்டினேன், "இப்படித்தான் கேட்டுச்சு"ன்னு, அதுக்கும் சிரிச்சாரு. இப்ப அடி பாக்கியம். உதடு ஒட்டிட்டு இருக்கு. நாக்கு அட்டை மாதிரி காஞ்சு கிடக்கு, எச்சில் ஊறலை, இட்லியை நினை, எலுமிச்சங்காய் ஊறுகாயை நினை, ஊறலை, யானைதான் நினைப்புல இருக்கு. அடி. வெறும் காத்து வருது. இன்னொரு தடவை. ச்சி-லீ. அட கெரகமே, ரெண்டு! ரெண்டுதான் வந்துச்சு, மூணாவது தொண்டையிலயே செத்துப் போச்சு. ரெண்டுசொல்லிக்கு எவன் நிப்பான், அது வீதிக்கு வீதி இருக்கு. தொப்பி நிக்கலை. இல்லை, தொப்பி வேகமா வருது. ஏன் வேகமா வருது? இவ்வளவு நேரம் நின்னு நின்னு வந்தது இப்ப நேரா, செடியைத் தடவிட்டு, சின்னப் பையன் மாதிரி வேகு வேகுன்னு வருது. ஏனுங்க, வராதீங்க. என் ராசா, வராதீங்க. நான் என்ன பண்ணிப்போட்டேன். திரும்ப அடிக்கிறேன், ச்சி-லீ, திரும்பவும் ரெண்டு, தொப்பி இன்னும் வேகமா வருது, மண்மேட்டுக்கு வந்துருச்சு, இன்னும் கொஞ்சம், அந்த சில்வர் ஓக் மரத்தைத் தாண்டினா வளைவு, வளைவைத் தாண்டினா அது. எனக்கு இந்த மனுசன் இல்லாம கடையைத் தெறக்கத் தெரியாது. தெறப்பேன், தெறந்து யாருகிட்டச் சண்டை போடுவேன். கன்னத்துச் சதையைப் பல்லால கடிக்கிறேன், நல்லாவே கடிக்கிறேன், உப்புக் கரிக்குது, ரத்தமோ என்னமோ, நாக்கு நனைஞ்சுது, போதும், அதை வச்சு அடிக்கிறேன். ச்சி-லி-ரீ.

நின்னுருச்சு. தொப்பி நின்னுருச்சு. சில்வர் ஓக் அடியில, ஒரே அடியா, வச்ச கால் வச்சபடி. யானையும் நின்னுருச்சு. காது நின்னுருச்சு. ரெண்டு காதும் விரிஞ்சு அப்படியே நிக்குது, வாயில பாதிப் புல்லு தொங்குது. ஆத்தா. என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது, அதுக்குக் கேக்காதா. கண்ணை மூடலாமா, மூடக் கூடாது, மூடினா தொப்பி நகந்துரும்னு தோணுது, நான் பாத்துட்டே இருந்தாத்தான் அவரு நிப்பாரு. இன்னொரு தடவை அடிக்கணுமா. அடிச்சா யானை திரும்புமா. அடிக்காட்டி அவரு நடந்துருவாரா. உண்மையான மூணுசொல்லி விட்டு விட்டுக் கூப்பிடும், ஒரேயடியா நிறுத்தாது, அவருக்கு அது தெரியும். அடிக்கிறேன். ச்சி-லி-ரீ. கடைசிச் சொல்லு நடுங்கி, கிழிஞ்ச துணி மாதிரி போகுது, கண்டுபிடிச்சிருவாரு, குருவி இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டு நடந்துருவாரு. நடக்கலை. ஆனா ஏன் அண்ணாந்து பாக்கலை? மூணுசொல்லி தலைக்கு மேல கத்துது, அந்த மனுசன் பைனாகுலரைத் தூக்கலை. கை ரெண்டும் தொங்குது. தொப்பியைக் கழட்டறாரு. மொட்டை வெயில்ல அந்த வழுக்கைத் தலை தெரியுது, மரத்தைப் பாக்கலை, வளைவைப் பாத்துட்டு நிக்கறாரு. மெதுவா, ரொம்ப மெதுவா, ஒரு அடி பின்னால வைக்கிறாரு. இன்னொரு அடி. சக்கரை இறங்கிருச்சா? தள்ளாடறாரா? உக்காருங்க, சாமி, அங்கயே உக்காந்துருங்க. யானை ஒரு காதை ஆட்டுது. இன்னொண்ணையும் ஆட்டுது. பாதிப் புல்லை உள்ள தள்ளி மெல்லுது. அப்புறம், எதுக்குன்னு அதுக்குத்தான் தெரியும், பெருமூச்சு மாதிரி ஒண்ணு விட்டுட்டு ரோட்டை விட்டு இறங்குது, ஓடைப்பக்கம், அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு செடி முறியற சத்தம் இல்லை, காட்டுக்குள்ள போன பின்னால ஒரு மரக்கிளை மட்டும் ஆடுது. ஆடி நிக்குது. அதுக்கு அப்புறமும் நான் எந்திரிக்கலை.

அவரு ரோட்டு வழியா வரலை. தேயிலைக்குள்ள புகுந்து, செடி செடியாப் பிடிச்சு, கையெல்லாம் கீறல் விழ, மேட்டுல ஏறி என் பின்னால வந்து உக்காந்தாரு. மூச்சு வாங்குது. முகமெல்லாம் வேர்வை. "போயிருச்சா?" அப்படின்னாரு, குசுகுசுன்னு. "எது?"ன்னேன். "எதுவோ அது. யானையா, காட்டுமாடா?" நான் அவரைப் பாத்தேன். "யானை. ஒத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க எடத்துலேருந்து தெரியாதே." "நீதானே நில்லுன்னு சொன்ன." "நான் எங்க சொன்னேன், நான் மூணுசொல்லி மாதிரி..." "முதல்ல ரெண்டு சொன்னியே," அப்படின்னாரு, "சரி, ரெண்டுதான், நான் கேட்டது தப்பு, வாங்க இட்லி திங்கலாம்னு நீயே சீட்டியில கூப்பிடறேன்னு நினைச்சேன். கோவம் தீந்துருச்சுன்னு நினைச்சு ஓடி வந்தேன்." அட பாவி மனுசா. நான் கொன்னிருப்பேன். ரெண்டே ரெண்டு சொல்லுல கொன்னிருப்பேன். "அப்புறம் மூணு வந்துச்சு பாரு," அவரு இட்லிப் பொட்டலத்தை என் மடியிலேருந்து எடுக்கறாரு, நூலைப் பிரிக்கறாரு, "கேட்ட உடனே கால் நின்னுருச்சு. எந்தக் குருவியும் இப்படி நடுங்காது பாக்கியம். போன மாசம் காய்ச்சல்ல கிடந்து தண்ணி தண்ணின்னியே, அந்தக் குரல். நீ பயந்திருக்கேன்னு தெரிஞ்சுது. நீ பயந்தா நான் நிக்கணும்னு தோணுச்சு."

தண்ணி. தலைமாட்டுல இருந்த சொம்பு. "அது நீங்க வச்சதா?" "வேற யாரு வைப்பாங்க? வாயில ஊத்தினா பாதியைத் துப்பிட்ட. எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், இருட்டுல முகம் எங்க தெரியுது, மூச்சுத்தான் கேட்டுச்சு." சொல்லித் தொலைச்சா என்னன்னு கேக்க வந்தவ, தொப்பியைப் பிடுங்கி அந்த வழுக்கைத் தலையிலயே ரெண்டு போடு போட்டேன், போட்டுட்டு அழுதேன், சத்தமா, யானை கேட்டா கேக்கட்டும்னு அழுதேன். அவரு தடுக்கலை. ஆறின இட்லியைப் பிட்டு என் வாயில வைக்க வந்தாரு, நான் கையைத் தட்டிவிட்டு, "நீங்க தின்னுங்க முதல்ல, மாத்திரை போட்டிருக்கீங்க"ன்னேன். தின்னாரு. மென்னுட்டே, வாயை வச்சுட்டு சும்மா இருக்க முடியாம, "ஆனா ஒண்ணு, அந்த மூணாவது சொல்லு நீ மேல தூக்கற, அது கீழ இறங்கணும்"னாரு. "கட்டையில போற வாயை மூடிட்டுத் தின்னுங்க"ன்னேன். அவரு ஒரு கையில இட்லி, இன்னொரு கையை என் முட்டி மேல அழுத்தி வச்சிருந்தாரு, கண்ணு மட்டும் எப்பவும் போல மரத்துல.